ஃபோர்ட் ஹண்ட்: தபால் பெட்டி 1142 இருந்த புல்வெளி

வாஷிங்டன் நகரிலிருந்து பொட்டோமாக் ஆற்றின் வர்ஜீனியக் கரையை ஒட்டித் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் போனால் ஃபோர்ட் ஹண்ட் பூங்கா வரும். இன்னும் கொஞ்சம் போனால் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீடு. பெரிய மரங்கள், வெட்டிவிட்ட புல், கூரை போட்ட பந்தல்கள், கரி அடுப்புகள். கோடை ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக வந்து சமைத்துச் சாப்பிட்டுப் போகும் இடம். ஓரத்தில் பாசி பிடித்த கான்கிரீட் பீரங்கி மேடைகள் சில உண்டு. பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடுவார்கள்.

பழைய கோட்டை என்றால் அந்த மேடைகள்தான் என்று நினைத்து வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள். அவை 1898ஆம் ஆண்டு ஸ்பானியப் போர்க் காலத்தவை. எதிரிக் கப்பல்கள் ஆற்று வழியாகத் தலைநகருக்கு வராமல் தடுக்க வைத்த பீரங்கிகள் அவை. போரில் ஒரு முறைகூட வெடிக்காமல் முதல் உலகப் போர்க் காலத்தில் கழற்றப்பட்டுவிட்டன. இந்த இடத்தின் பெரிய வரலாறு மேடைகளில் இல்லை. எதுவுமே இல்லாத புல்வெளியில் இருக்கிறது. 1942 முதல் 1946 வரை அங்கே வேலி, காவல் கோபுரம், கைதிக் கட்டடங்கள், ஒட்டுக்கேட்கும் அறைகள், கடத்தல் பொருள் செய்யும் பட்டறை எல்லாம் இருந்தன. வெளியே அதற்குப் பெயர் கிடையாது, ஒரு முகவரி மட்டும்தான்: தபால் பெட்டி எண் 1142, அலெக்சாண்ட்ரியா, வர்ஜீனியா. உள்ளே வேலை செய்தவர்கள் கடைசிவரை அந்த எண்ணைச் சொல்லித்தான் இடத்தைக் குறிப்பிட்டார்கள்.

முதல் கேள்வி, இவ்வளவு ரகசியமான வேலைக்குப் பூங்காவை ஏன் எடுத்தார்கள் என்பது. விடை 1930களின் பொருளாதார நெருக்கடியில் இருக்கிறது. வேலையில்லா இளைஞர்களைக் காடு வளர்ப்பிலும் பூங்கா வேலையிலும் சேர்த்த சிசிசி என்னும் அரசுப் படைக்கு நாடெங்கும் முகாம்கள் கட்டினார்கள். ஃபோர்ட் ஹண்டிலும் 1933 முதல் அப்படி ஒரு முகாம் இருந்தது. 1939இல் பிரிட்டிஷ் அரசர் ஆறாம் ஜார்ஜும் அரசியும் வந்தபோது, மாதிரி முகாம் என்று அவர்களுக்குக் காட்டியதும் இதைத்தான். அமெரிக்கா போரில் இறங்கியதும் அந்த இளைஞர்கள் ராணுவத்துக்குப் போனார்கள், முகாம்கள் காலியாயின. படுக்கைக் கூடம், சமையலறை, தண்ணீர்க் குழாய், மின்சாரம், சாலை எல்லாம் தயாராக நின்றன. நிலம் அரசுக்குச் சொந்தம், எனவே யாரையும் வெளியேற்ற வேண்டாம், இழப்பீடும் தர வேண்டாம். சுற்றிலும் மரம் இருந்ததால் சாலையிலிருந்து உள்ளே தெரியாது. அதோடு பென்டகன் வட்டாரம் கார் தூரத்தில் இருந்தது. காலையில் கைதி சொன்னது மாலையில் அதிகாரியின் மேசைக்குப் போய்விடும்.

ஓஎஸ்எஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கால உளவு அமைப்பும் இதே கணக்கைத்தான் போட்டது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் வனப் பூங்காவிலும் மேரிலாந்தின் கட்டாக்டின் மலைப் பூங்காவிலும், ஏழைக் குழந்தைகளின் கோடை முகாமுக்காகக் கட்டிய குடில்களில் அதன் ஆட்கள் வெடி வைக்கவும் ரேடியோ இயக்கவும் பயின்றார்கள். பென்சில்வேனியாவில் இன்று மலையேறுவோர் தங்கிப் போகும் பைன் குரோவ் ஃபர்னஸ் வட்டாரத்தில், இன்னொரு பழைய சிசிசி முகாம் கைதிகளைச் சலித்தெடுக்கும் இடமாயிற்று. அமெரிக்க உளவு வரலாற்றின் ஒரு பெரிய துண்டு சுற்றுலாப் பூங்காக்களில் கிடப்பதற்குக் காரணம், அன்று அரசின் கையில் காலியாகக் கிடந்த கட்டடங்கள் அவைதான் என்பதே.

1942 மே மாதம் போர்த்துறை, பூங்காத் துறையிடமிருந்து ஃபோர்ட் ஹண்டை எடுத்துக்கொண்டது. போர் முடியும்வரை, அதற்குமேல் ஓராண்டு என்பது ஒப்பந்தம். உள்ளே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அமைப்புகள் இயங்கின. எம்ஐஎஸ்-ஒய் எதிரிக் கைதிகளை விசாரித்தது. எம்ஐஎஸ்-எக்ஸ் எதிரியிடம் சிக்கிய அமெரிக்கர்கள் தப்பிக்க உதவியது. கைப்பற்றிய ஜெர்மானிய ஆவணங்களைப் படித்து எதிரிப் படை அமைப்பை வரைய ஒரு பிரிவு இருந்தது. ஒரே வேலிக்குள் இருந்தும் ஒரு பிரிவு செய்வது அடுத்த பிரிவுக்குத் தெரியாது.

விசாரணை முறையை அமெரிக்கர்கள் பிரிட்டனிடமிருந்து கற்றார்கள். லண்டனின் வடக்கு எல்லையில் உள்ள டிரென்ட் பார்க் மாளிகையில் பிரிட்டிஷார் 1939 கடைசியிலிருந்தே கைதிகள் பேசுவதை மைக் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் இன்று மக்கள் உலாவும் பூங்காதான். 1943 மார்ச் 22 அன்று அங்கே அடைபட்டிருந்த ஜெனரல் ஃபான் தோமா, ஜெர்மனி பெரிய ராக்கெட்டுகளைச் சோதித்த இடத்தைத் தாம் பார்த்ததைச் சக ஜெனரல் குரூவெல்லிடம் பேச்சுவாக்கில் சொன்னார். சந்தேகமாகவே இருந்த ராக்கெட் செய்தி அதன்பின் வலுப்பெற்றது. ஆகஸ்டு 17 இரவு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் பீனமுண்டே ராக்கெட் நிலையத்தைத் தாக்கின. இதே விசாரணை அமைப்புக்கு இந்தியாவிலும் ஒரு கிளை உண்டு, அது டெல்லி செங்கோட்டையில் இயங்கியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்கள் உட்பட ஐஎன்ஏ வீரர்கள் பலரை விசாரித்து வகை பிரித்த வேலையில் அதற்கும் பங்கு இருந்தது. அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

ஃபோர்ட் ஹண்டுக்கு எல்லாக் கைதிகளையும் கொண்டுவரவில்லை. அமெரிக்காவில் அடைக்கப்பட்ட ஜெர்மானியர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். இங்கே வந்தவர்கள் 3,400 பேர் சொச்சம்தான். துறைமுகத்திலும் முதல்கட்ட முகாமிலும் சலித்து, தொழில்நுட்பம் தெரிந்தவர்களை மட்டும் அனுப்பினார்கள். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் நீர்மூழ்கி மாலுமிகள். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்கள் நாள்தோறும் மூழ்கிய காலம் அது. வெளியே பார்க்க முடியாதபடி ஜன்னல் மறைத்த பஸ்ஸில் கைதிகளை ஏற்றிவந்தார்கள். கைதி தப்பினாலும், பின்னர் வேறு முகாமிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினாலும், எங்கே விசாரித்தார்கள் என்று சொல்லத் தெரியக்கூடாது. ஜப்பானியக் கைதிகளுக்குக் கலிஃபோர்னியாவில் பைரன் வெந்நீர் ஊற்று விடுதியில் இதே போன்ற தனி முகாம் இருந்தது.

விசாரணையின் உயிர் கேள்வியில் இல்லை, கேள்விக்குப் பிறகு நடப்பதில்தான் இருந்தது. ஓர் அதிகாரி காலையில் ஒரு மாலுமியைக் கூப்பிட்டுப் புதிய டார்பிடோ பற்றிக் கேட்பார். மாலுமி வாயைத் திறக்கமாட்டான். அதிகாரி வற்புறுத்தமாட்டார். தனக்குத் தெரிந்த சிறு விவரங்கள் சிலவற்றைப் பேச்சில் நழுவவிட்டு, ஒரு சிகரெட் கொடுத்து அனுப்பிவிடுவார். அறைக்குத் திரும்பியவன் சும்மா இருப்பானா? "இவனுக்கு அது தெரிந்திருக்கிறது, இது தெரியவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை" என்று கூட இருப்பவனிடம் கொட்டுவான். அதிகாரிக்குத் தெரியாதது எது என்று அவன் சொல்லும்போதே அதுவும் தெரிந்துவிடும். கூரையில் மறைத்த மைக் வழியே இன்னொரு கட்டடத்தில் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அதனால்தான் யாரை யாரோடு அடைப்பது என்பதற்குக் கேள்வித்தாள் அளவுக்கு யோசித்தார்கள். ஒரே கப்பலில் இருந்த இருவரைச் சேர்த்து வைத்தால் பேச்சு நிற்கும், இருவருக்கும் எல்லாம் தெரியும். நீர்மூழ்கிக்காரனையும் விமானியையும் சேர்த்து வைத்தால் ஒருவன் மற்றவனுக்குத் தன் தொழிலை விளக்குவான். ஆழத்தில் இயந்திரம் எப்படி ஓடும், எந்தக் கருவி எதைக் காட்டும் என்று ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் முழுதாகச் சொல்வான், கேட்பவருக்கும் அதுதான் வேண்டும். பேச்சு வறண்டால் கைதி வேடத்தில் ஒருவரை உள்ளே அனுப்புவதும் உண்டு. அது கத்திமேல் நடக்கும் வேலை. ஊர்ப் பேச்சு வழக்கில், சேர்ந்த படைப்பிரிவின் பெயரில், அதிகாரியின் பட்டப்பெயரில் ஓர் இடம் சறுக்கினாலும் அவர் மாட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த அறை மட்டுமல்ல, முகாமே ஊமையாகிவிடும்.

கேட்பவரின் வேலை வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. பிரிட்டிஷ் முறையில் பேச்சு முழுவதையும் பதிவு செய்வதில்லை. ஒலித்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே அடங்கும். சாப்பாடு, பெண்கள், ஊர் வம்பு என்று மணிக்கணக்கில் ஓடும் பேச்சில் விஷயம் வரும் நொடியைக் காது கண்டுபிடித்துத் தட்டை ஓடவிட வேண்டும். எனவே ஜெர்மன் மொழி போதாது. பவேரியன் கொச்சையும் தெரிய வேண்டும், கடற்படைக் குழூஉக்குறியும் தெரிய வேண்டும். கேட்டுப் புரியாத ஒரு சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிவிட்டால், அந்தப் பிழை தட்டச்சாகி மேலே போய் உண்மையாகவே நின்றுவிடும். கைதிகள் மைக் இருக்கும் என்று எச்சரிக்கப்பட்டவர்கள்தான். சிலர் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், விளக்கைத் துழாவுவார்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் இரண்டாம் நாளே நிம்மதியாகப் பேசத் தொடங்குவார்கள்.

இந்தக் காதுகள் யாருடையவை என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த இடத்தின் மிகக் கனமான செய்தி. பலர் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிறந்த யூத அகதிகள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த நாடுகளைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள். பெற்றோரும் உறவினரும் என்ன ஆனார்கள் என்று தெரியாத நிலையில், எதிரே உட்கார்ந்தவனுக்குச் சிகரெட் பற்றவைத்து, சதுரங்கம் ஆடி, ஊர் நிலவரம் பேசியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் பின்னாளில் எம்ஐடி இயற்பியலாளராக விளங்கியவருமான ஹென்றி கோல்ம், சித்திரவதையால் கிடைப்பதைவிடச் சதுரங்கத்திலும் பிங்பாங்கிலும் தாங்கள் அதிகம் பெற்றதாக 2007இல் சொன்னார்.

அதற்காக எல்லாம் சுத்தமாக நடந்தது என்று எழுதிவிட முடியாது. 1929 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி கைதி தன் பெயரையும் பதவியையும், அல்லது படை எண்ணை மட்டும் சொன்னால் போதும். சொல்ல மறுப்பவரை மிரட்டக்கூடாது. கைதி எங்கே இருக்கிறார் என்று அவர் வீட்டுக்குத் தெரிய வேண்டும். ஃபோர்ட் ஹண்ட் செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தெரியாமல் இயங்கியது. கைதிகள் அங்கே இருந்த நாள்கள் கணக்கில் வராமல் போயின. பேசாதவரை ரஷ்யர்களிடம் ஒப்படைப்போம் என்று பயமுறுத்தியதும் உண்டு, ரஷ்யச் சீருடையில் ஒருவரை உட்காரவைத்ததும் உண்டு. ஒட்டுக்கேட்பை அந்த ஒப்பந்தம் தடுக்கவில்லை, மிரட்டலைத் தெளிவாகத் தடுத்தது.

மிரட்டல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெர்னர் ஹென்கேயின் முடிவே போதும். யூ-515 நீர்மூழ்கியின் தளபதி அவர். 1942 டிசம்பரில் செராமிக் என்னும் பயணிகள் கப்பலை மூழ்கடித்தார். கப்பலில் இருந்த அறுநூற்றுக்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர் ஒரே ஒருவர், அவரையும் யூ-515தான் தூக்கிக்கொண்டு போனது. தப்பிய படகுகளை ஹென்கே சுட்டதாக நேச நாட்டு வானொலி பிரசாரம் செய்தது. 1944 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை அவரைப் பிடித்தபோது, பிடித்த தளபதி டேனியல் கேலரி, பிரிட்டிஷார் அதற்குப் பழிவாங்குவார்கள் என்ற அச்சத்தையே பயன்படுத்தினார். பிரிட்டிஷாரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி, ஒத்துழைப்பதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். ஃபோர்ட் ஹண்டில் ஹென்கே பேச மறுத்தார். பிரிட்டிஷாரிடம் போனால் தூக்கு நிச்சயம் என்று நம்பினார். 1944 ஜூன் 15 அன்று பகல் வெளிச்சத்தில், காவலர்கள் பார்த்திருக்க வேலியில் ஏறினார். சுட்டுக் கொன்றார்கள். ஆள் போனதோடு அவரிடமிருந்து கிடைத்திருக்கக்கூடிய செய்தியும் போயிற்று.

எம்ஐஎஸ்-எக்ஸ் பிரிவின் வேலை தலைகீழ். இங்கே எடுப்பதற்குப் பதில் அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் சிறைப்பட்ட அமெரிக்கர்கள் 90,000 பேருக்கும் மேல். அவர்களுக்கு வரைபடம், திசைகாட்டி, பணம், போலி அடையாளத் தாள், ரேடியோ பாகம் எல்லாம் பார்சலில் போய்ச் சேர வேண்டும். செஞ்சிலுவைச் சங்கப் பார்சலைத் தொடவே கூடாது என்பது முதல் விதி. அதில் ஒரு வரைபடம் பிடிபட்டால் உணவுப் பார்சல் முழுவதும் நின்று, ஆயிரக்கணக்கான கைதிகள் பட்டினி கிடப்பார்கள். அதனால் இல்லாத தர்ம நிறுவனங்களின் பெயரில் விளையாட்டுப் பொருளும் துணியும் அனுப்பினார்கள். முதலில் போன பார்சல்களில் கடத்தல் பொருள் எதுவும் கிடையாது. ஜெர்மானியர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள், எத்தனை நாளில் சேர்கிறது என்று பார்க்க மட்டும்தான். பிறகு நல்ல பார்சல்களுக்கு இடையே சரக்கு ஏற்றியவற்றைக் கலந்தார்கள்.

ஒளித்த விதத்தில் கைத்திறன் தெரியும். பேஸ்பாலின் தோலைப் பிரித்து உள்ளே ரேடியோ பாகத்தை வைத்துத் திரும்பத் தைத்தார்கள். கிரிபேஜ் ஆட்டப் பலகையைக் குடைந்து நிரப்பினார்கள். சீட்டுக்கட்டின் ஒவ்வொரு சீட்டையும் இரு தாளாகச் செய்து நடுவில் வரைபடத் துண்டை ஒட்டினார்கள். நீரில் ஊறவைத்தால் தாள் பிரிந்துவிடும், எல்லாத் துண்டையும் வரிசையாக அடுக்கினால் முழு வரைபடம் கிடைக்கும். வரைபடத்தைத் துணியில் அச்சிட்டதற்கும் காரணம் உண்டு. தாள் மடிக்கும்போது சரசரக்கும், நனைந்தால் கிழியும். சட்டைப் பொத்தானுக்குள் திசைகாட்டி வைத்த பிரிட்டிஷார், ஜெர்மானியர்கள் அதைத் திருகிக் கண்டுபிடித்ததும் மரையை எதிர்த்திசையில் வெட்டினார்கள். வழக்கம்போல் இடப்பக்கம் திருகிச் சோதிப்பவர் கையில் பொத்தான் இன்னும் இறுகிவிடும்.

எந்தப் பார்சலில் எது இருக்கிறது என்று கைதிக்குத் தெரிய வேண்டுமே? அதற்குக் கடிதம். விமானப்படையில் சிலருக்கு முன்கூட்டியே ஒரு சங்கேத முறை கற்பித்து அனுப்பினார்கள். பிடிபட்டால் அவர்கள் தாய்க்கோ மனைவிக்கோ எழுதுவதுபோல் எழுதுவார்கள். கைதிகள் தப்பிக்க உதவிய பிரிட்டிஷ் அமைப்பான எம்ஐ9 வகுத்த முறையில் தேதியை எழுத்தில் எழுதாமல் எண்ணில் எழுதியிருந்தால் உள்ளே செய்தி உண்டு என்று பொருள். அமெரிக்கத் தபால் தணிக்கையில் அந்த முறையைக் கற்றவர்களின் பெயர்கள் உள்ள கடிதங்களைத் தனியே எடுத்து 1142க்கு அனுப்பி, படித்துவிட்டு, மறுபடி ஒட்டி வீட்டுக்கே சேர்ப்பித்தார்கள். மகன் சிறையிலிருந்து ராணுவத்தோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்பது கடிதத்தைக் கையில் வைத்திருந்த தாய்க்கே தெரியாது. இந்த முறையில் ஆபத்து எங்கே என்றால், செய்தியை நுழைக்க வலிந்து போட்ட சொல் வாக்கியத்தில் துருத்தி நிற்கும். தணிக்கைக்காரனுக்கு அது ஒன்று போதும்.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்த பிறகு முகாமின் நோக்கம் மாறியது. ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த யூ-234 நீர்மூழ்கி நடுவழியில் சரணடைந்தது. அதில் 560 கிலோ யுரேனியம் ஆக்சைடும், பிரித்து அடுக்கிய ஜெட் விமானப் பாகங்களும் இருந்தன. கூடவே வந்த மின்னணு நிபுணர் ஹைன்ஸ் ஷ்லிக்கே ஃபோர்ட் ஹண்டுக்கு வந்தார். அவர் மனம்விட்டு உதவ ஒரு நிபந்தனை இருந்தது: ஜெர்மனியில் சிக்கிய மனைவி மக்கள் வேண்டும். அவர்களைத் தேடி அழைத்துவரும் பொறுப்பு ஜான் கந்தர் டீன் என்ற இளம் அதிகாரியிடம் வந்தது. பிரெஸ்லாவில் பிறந்த யூத அகதி அவர், 1985 முதல் 1988 வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவரும் அவர்தான். ஜெர்மனியின் கிழக்குப் போர்முனை உளவுத்துறையை நடத்திய ரைன்ஹார்ட் கேலன் 1945 ஆகஸ்டில் வந்து ஏறத்தாழ ஓராண்டு அங்கே இருந்தார். பிறகு மேற்கு ஜெர்மனியின் உளவு நிறுவனத்துக்கே தலைவரானார். நேற்றைய எதிரியிடம் நேற்றைய நண்பனான ரஷ்யாவைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

அதன்பின் அழிப்பு. எம்ஐஎஸ்-எக்ஸ் தன் ஆவணங்களை 1945 ஆகஸ்டில் எரித்தது. இதே தந்திரம் அடுத்த போரிலும் வேண்டியிருக்கும், கைதியின் பார்சலில் அரசே கை வைத்தது என்று எந்த நாடும் அறியக்கூடாது என்பது கணக்கு. முகாம் மூடியதும் போர்க்காலக் கட்டடங்களைத் தரைமட்டமாக்கினார்கள். 1948 தொடக்கத்தில் நிலம் பூங்காத் துறைக்குத் திரும்பியது. சமன் செய்த தரையில் புல் முளைத்தது. வேலை செய்தவர்கள் வாய் திறப்பதில்லை என்று உறுதி கொடுத்திருந்தார்கள். பலர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் அறுபது ஆண்டுகள் காத்தார்கள். சிலர் சொல்லாமலே இறந்துபோனார்கள்.

கதவைத் திறந்தது ஆவணக் காப்பகம் மட்டுமல்ல. விசாரணைப் பதிவுகள் பல 1990களுக்குள் ரகசியப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிட்டன. ஆனால் பூங்கா ஊழியர்களிடம் இருந்தது துண்டு துண்டான தகவல்தான். 2006 வாக்கில் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர், தம் அக்கம்பக்கத்தில் இருப்பவர் இங்கே வேலை பார்த்தார் என்று ரேஞ்சரிடம் சொன்னார். அந்த ஒரு பெயர் இன்னொரு பெயரைக் கொடுத்தது. உறுதிமொழி இனிக் கட்டுப்படுத்தாது என்று தெரிந்த பிறகுதான் முதியவர்கள் பேசினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் வாய்மொழியைப் பூங்காத் துறை பதிவு செய்தது. 2007 அக்டோபரில் எஞ்சியவர்களை அழைத்துக் கொடிமரத்தடியில் ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். பத்தாண்டு முன்னால் கேட்டிருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

போய்ப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் கொடிமரத்துக்குப் போவது நல்லது. 1142 என்ற எண்ணைக் கண்ணால் காணும் இடம் அதுதான். பீரங்கி மேடைகள் முந்தைய காலத்தவை, கைதி முகாமோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விசாரணைக் கட்டடங்களின் தடம் தரைக்கு மேல் இல்லை, பழைய வான்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் வேலி எங்கே ஓடியது என்று ஊகிக்க முடியும். மவுண்ட் வெர்னன் சைக்கிள் பாதை பக்கத்திலேயே போகிறது, காரில்லாமலும் வரலாம். பெரிய கூட்டத்தோடு சமைத்துச் சாப்பிடக் கோடை மாதங்களில் பந்தலுக்கு முன்பதிவு வேண்டும். கைதிகள் அறையில் பேசியதைப் படிக்க வேண்டுமென்றால் ஆற்றுக்கு அப்பால் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். தட்டச்சுத் தாள்கள் பெயர் வாரியாக அங்கே பெட்டிகளில் இருக்கின்றன.